மத்தி மீன் அடைத்த துறைமுகம்

மார்செய்க்காரர்கள் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வார்கள் என்று பிரான்சில் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. அதற்கு அவர்கள் எடுத்துப்போடும் சாட்சி: "துறைமுக வாயை ஒரு மத்தி மீன் வந்து அடைத்துக்கொண்டதாம்!" சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இந்த விஷயத்தில் மார்செய்க்காரர்கள் பக்கம்தான் நியாயம். வாய் அடைபட்டது நிஜம். அடைத்தது மீன் இல்லை, கப்பல். அப்போதைய கடற்படை அமைச்சர் சார்த்தீனின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் மத்திக்குச் சார்தீன் என்று பெயர். தமிழில் எழுதினால் நடுவில் ஓர் ஒற்றுதான் வித்தியாசம்.

அந்தக் கப்பல் புறப்பட்ட இடம் புதுச்சேரி. 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது சார்த்தீன் அவர்கள் கையில் சிக்கியது. பிறகு சிறைபிடித்த பிரெஞ்சுப் படையினரை ஊருக்குத் திருப்பி அனுப்ப அதையே பயன்படுத்தினார்கள். கைதிகளை ஏற்றி வரும் கப்பலைச் சுடுவதில்லை என்பது உடன்பாடு. ஆனால் 1780 மே மாதம், போர்ச்சுகல் கரையோரம் எதிர்ப்பட்ட ராம்னி என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் சுட்டுவிட்டது. கேப்டன் செத்தார். கேப்டன் இல்லாத கப்பல் எப்படியோ மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்து, மார்செய் வரை வந்து, துறைமுக வாயிலேயே தட்டி மூழ்கியது. அதில் வந்தவர்களில் ஒருவர் பர்ரா. பிற்பாடு பிரெஞ்சுப் புரட்சி அரசின் ஐந்து தலைவர்களில் ஒருவராகி, நெப்போலியனைத் தூக்கிவிட்ட அதே பர்ரா.

ஒரே ஒரு கப்பல் மூழ்கி ஊரையே அடைக்க முடிந்தது என்றால் அந்த வாய் எவ்வளவு குறுகல் என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கரையிலும் இன்று கோட்டைகள் நிற்கின்றன: வடக்கே சேன் ழான், தெற்கே சேன் நிக்கோலா. அந்தக் காலத்தில் இந்த வாயின் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டு மூடுவார்கள். 1423இல் அரகோன் அரசன் ஐந்தாம் அல்போன்சோவின் படை அந்தச் சங்கிலியை அறுத்து உள்ளே புகுந்து ஊரைச் சூறையாடியது. சங்கிலியையும் கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். இன்றும் அது ஸ்பெயினின் வலென்சியா பேராலயச் சுவரில் தொங்குகிறது. மார்செய் வரலாற்றின் பாதிச் சாமான்கள் இப்படி வேறு எங்காவதுதான் கிடக்கும்.

ஊருக்குள் நுழைகிறவரின் முதல் ஏமாற்றமும் அங்கேதான் தொடங்குகிறது. ஏறக்குறைய கி.மு. 600இல் உண்டான ஊர், பிரான்சிலேயே மிகப் பழைய நகரம் என்று படித்துவிட்டு வருகிறோம். வந்து பார்த்தால் பழசு எதையும் காணோம். ரோமில் திரும்பின பக்கமெல்லாம் தூண் நிற்கிறது, ஏதென்சில் குன்று கண்ணை மறைக்கிறது. இங்கே படகுகள், காபிக் கடைகள், 1950களின் அடுக்குமாடிகள். "பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டு ஒரே நாளில் கிளம்பிப் போகிறவர்கள் ஏராளம். என் யோசனை ஒன்றுதான். இந்த ஊரில் கட்டடங்களைத் தேடி அலைய வேண்டாம். எந்தக் காலத்தில் தண்ணீர் எதுவரை இருந்தது, கப்பலை எங்கே கட்டி நிறுத்தினார்கள் என்று தேடிக்கொண்டு நடந்தால் ஊர் தானாகப் பிடிபடும். மார்செய் தன் துறைமுகத்தை இடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய கரையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முதல் கரை ஒரு வணிக வளாகத்தின் முதுகுப்பக்கம் இருக்கிறது. 1967இல் அந்த வளாகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கல் கட்டிய கரை வெளிப்பட்டது. பழைய துறைமுகம் அந்தக் காலத்தில் வடகிழக்கே ஒரு கொம்பு போல உள்ளே வளைந்து போயிருக்கிறது. வண்டலும் ஊர்க் குப்பையும் சேர்ந்து அது தூர்ந்துபோய், பிறகு எல்லாரும் அதை மறந்தே விட்டார்கள். இப்போது அந்தக் கரையோரக் கல்லில் நின்று குனிந்து பார்த்தால், தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் புல்தரை. கப்பல் வந்து அணைந்த விளிம்பு மட்டும் நேர்க்கோடாக அப்படியே இருக்கிறது. ஒட்டியே நகர வரலாற்று அருங்காட்சியகம். உள்ளே, 1974இல் அதே சேற்றிலிருந்து எடுத்த ரோமானியச் சரக்குக் கப்பலின் அடிப்பாகம். ஈரமரம் காய்ந்தால் சுருங்கி நொறுங்கிவிடும் என்பதால் அதை உறையவைத்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துக் காப்பாற்றினார்கள்.

1993இல், நகர மன்றத்துக்குப் பின்னால் இருக்கும் சதுக்கத்தில் இன்னும் பழைய படகுகள் கிடைத்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கிரேக்கப் படகுகள். அவற்றில் ஒன்றின் பலகைகள் நூலால் தைக்கப்பட்டவை. சென்னைக் கரையில் அலையைத் தாங்க மசூலாப் படகுகளைக் கயிற்றால் தைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. ஆணி அறைந்த படகு விறைப்பாக நின்று உடையும், தைத்த படகு வளைந்துகொடுக்கும்.

அந்தப் படகுகளில் வந்தவர்கள் போசேயா என்ற ஊர்க்காரர்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் அது இருக்கிறது. உள்ளூர் அரசனின் மகள் கிப்டிஸ் சுயம்வரம் போன்ற ஒரு விருந்தில், கப்பலில் வந்த கிரேக்க இளைஞனிடம் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள், சீதனமாக இந்தக் கரை கிடைத்தது என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, 'மசாலியா' என்ற அந்தக் குடியேற்றம் நன்றாகவே பிழைத்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பித்தியாஸ் என்ற இவ்வூர்க்காரர் பிரிட்டனைத் தாண்டி வடகடல் வரை போய்வந்து எழுதினார், அன்று யாரும் நம்பவில்லை. ஊதிச் சொல்கிற ஊர் என்ற பெயர் அப்போதே வந்துவிட்டது போலிருக்கிறது! கி.மு. 49இல் சீசருக்கும் பொம்பேயுக்கும் நடந்த சண்டையில் தோற்கப்போகிற பக்கம் சேர்ந்து, சுதந்திரத்தை இழந்தார்கள்.

இரண்டாவது கரைதான் எல்லாரும் பார்க்கிற பழைய துறைமுகம், வியூ போர். காலையில் சில மீன்காரர்கள் நீலத் தொட்டிகளில் துள்ளும் மீனோடு கடை போடுவார்கள். பக்கத்தில் 2013இல் நார்மன் பாஸ்டர் அமைத்த பெரிய எஃகுக் கண்ணாடிப் பந்தல். நிமிர்ந்தால் நாமே தலைகீழாகத் தெரிவோம். எல்லாரும் அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், வடகரையோரமாகவே நடந்து சேன் ழான் கோட்டையின் அடிவாரத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே அடக்கமான ஒரு சின்னக் கட்டடம். பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். இந்த ஊரில் எனக்கு அதைவிட முக்கியமான கட்டடம் இல்லை.

அது சுகாதாரக் காவல் அலுவலகம். 1719இல் கட்டியது. கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகத்துக்கு 1669இல் மார்செய்யைத் தீர்வையில்லாத் துறைமுகமாக ஆக்கியிருந்தார் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர். பஞ்சு, பட்டு, மெழுகு, காபி எல்லாம் சைதா, திரிபோலி, இஸ்மீர் துறைகளிலிருந்து இங்கேதான் வந்தன. அங்கிருந்து பிளேக்கும் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கறாரான ஏற்பாடு ஒன்று இருந்தது. எந்தக் கப்பலும் நேராக உள்ளே வரக் கூடாது. கேப்டன் சிறு படகில் வந்து, புறப்பட்ட துறையில் பிளேக் உண்டா இல்லையா என்று எழுதிய சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்தக் காகிதத்தைக் கூட யாரும் கையால் வாங்கமாட்டார்கள். நீண்ட இடுக்கியால் வாங்கி, காடியில் முக்கிவிட்டுத்தான் படிப்பார்கள். சான்றிதழில் மூன்று வகை: சுத்தம், சந்தேகம், அசுத்தம். எத்தனை நாள் ஒதுக்கிவைப்பது, தீவிலா ஊரோர லாசரெத்திலா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். லாசரெத் என்பது மதில் போட்ட ஒதுக்கிடம்.

கட்டடம் முடிந்த அடுத்த வருஷமே அந்த ஏற்பாடு சரிந்தது. 1720 மே 25, கிராண் சேன் அந்துவான் என்ற கப்பல் வந்து சேர்ந்தது. வழியிலேயே ஒரு பயணி, பல மாலுமிகள், கப்பல் வைத்தியர் என்று வரிசையாகச் செத்திருந்தார்கள். இடையில் லிவோர்னோ துறையில் மருத்துவர்கள் 'கொடிய காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பிளேக் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் எக்யூ, அன்றைய பிரெஞ்சு வெள்ளி நாணயம். ஜூலையில் ரோன் ஆற்றங்கரையில் பொக்கேர் சந்தை கூடும், துணி அதற்குள் போய்ச் சேர வேண்டும். சரக்கில் பங்கு உள்ளவர்களில் ஒருவர் ஊரின் முதல் நகரப் பிரதிநிதி எஸ்தெல்.

இத்தனை சாவு நடந்த கப்பலைத் தூரத்து ழார் தீவில் நிறுத்த வேண்டும். முதலில் முடிவும் அதுதான். சில நாளில் முடிவு மாறியது. சரக்கை ஊரோர லாசரெத்திலேயே இறக்கலாம் என்றார்கள். அங்கே மூட்டை பிரித்துக் காற்றாட வைத்த சுமைகாரர்கள் சாக ஆரம்பித்தார்கள். மதில் தாண்டித் துணி திருட்டுத்தனமாக ஊருக்குள் போனது. ஜூன் கடைசியில் ஊர்ச் சந்துகளில் சாவு. அப்போதும் மாதக் கணக்கில் 'காய்ச்சல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளேக் என்று சொன்னால் துறைமுகத்தை மூட வேண்டும், அவர்கள் தயங்கியது அதற்காகத்தான்.

ஏறக்குறைய 90,000 பேர் இருந்த ஊரில் 40,000 பேர் போல இறந்தார்கள். கோட்டைக்கு மேலே லா தூரெத் மேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தன. செப்டம்பர் 16 அன்று ரோஸ் என்ற ஊர்ப் பிரமுகர், சிப்பாய்களோடும், கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்ற கைதிகளோடும் போய், பழைய கொத்தளங்களின் உள்வெற்றிடங்களைத் திறந்து பிணங்களை அதற்குள் தள்ளினார். வேலை விரைவாகவே முடிந்தது. வேலை செய்த கைதிகளில் பெரும்பாலோர் சில நாட்களில் செத்துப்போனார்கள். ரோஸுக்கும் நோய் கண்டது, பிழைத்துக்கொண்டார். கப்பலை ழார் தீவருகே எரித்து மூழ்கடித்தார்கள். கேப்டன் ஷத்தோவை இஃப் தீவுக் கோட்டையில் 1723 வரை அடைத்துவைத்தார்கள். எஸ்தெல் மீது எதுவும் நிரூபணமாகவில்லை, பிற்பாடு மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டமே கொடுத்தார்.

1978இல் முக்குளிப்பவர்கள் அந்தக் கப்பலின் மிச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஊரின் வரலாறு எனக்கு அந்தச் சின்னக் கட்டடத்தில்தான் புரிகிறது. துறைமுகம் என்பது உள்ளே விடுவதா வேண்டாமா என்று தினமும் முடிவெடுக்கும் இடம். முடிவு எடுப்பவனுக்குச் சரக்கில் பங்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது.

மூன்றாவது கரை ழொலியெத். நீராவிக் கப்பல் வந்த பிறகு பழைய துறைமுகத்தில் இடமில்லை, ஆழமும் போதவில்லை. 1844இல் சட்டம் போட்டு, ஒன்பது வருஷத்தில் கோட்டைக்கு வடக்கே கடலுக்குள் தடுப்புச்சுவர் கட்டிப் புதுத் துறையை உண்டாக்கினார்கள். அதன் கரையோரம் டோக் என்ற கிடங்குக் கட்டடம், நீளம் 365 மீட்டர். இன்று அதற்குள் அலுவலகங்களும் துணிக்கடைகளும். நாள்காட்டிக் கணக்கில் கட்டினார்கள், 365 மீட்டர், 52 வாசல், 7 மாடி என்று வழிகாட்டிகள் எண்ணிக் காட்டுவார்கள். இந்த ஊரில் எந்தக் கணக்கையும் ஒருமுறை நாமே எண்ணிப் பார்ப்பது நல்லது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தக் கரைக்கு யோகம் அடித்தது. பிரான்சிலிருந்து கொழும்புக்கும் சைகோனுக்கும் போகிற தபால் கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்பின. புதுச்சேரிக்கு அதிகாரியாக வந்த பிரெஞ்சுக்காரர் கடைசியாக மிதித்த தாய்மண் இது. எதிர்த்திசையில் வந்ததுதான் நமக்கு இன்னும் சுவாரசியம்: மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.

மார்செய் சோப்புக்குப் பேர்போன ஊர். 1688 ஆணைப்படி ஆலிவ் எண்ணெய் தவிர வேறு எதிலும் சோப்பு காய்ச்சக் கூடாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவை பெருகி, ஆலிவ் போதாமல், செனெகலிலிருந்து வேர்க்கடலை, ஆப்பிரிக்கப் பனையெண்ணெய், எள், கொப்பரை என்று கிடைத்ததையெல்லாம் ஆலைகள் ஆட்டத் தொடங்கின. சூயஸ் திறந்து வழி குறுகியதும் தென்னார்க்காட்டு வேர்க்கடலை வரிசையில் சேர்ந்தது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை வந்தது. உள்நாட்டு மூட்டைகள் புதுச்சேரியின் கப்பல் ஏற்றும் கடற்பாலத்துக்கு வந்து, அங்கிருந்து மார்செய்க்குக் கப்பலேறின. தென்னார்க்காட்டில் புன்செய்க்காடெல்லாம் வேர்க்கடலையாக மாறியதற்குப் பெரிய காரணம் இந்த ஊர் ஆலைகளின் பசிதான். ஒரு குறையும் சொன்னார்கள். செனெகல் கடலை தோலோடு வந்தது. நம் கடலையைக் கப்பலில் இடம் மிச்சமாக உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். உடைக்கச் சுலபமாகத் தோலை நனைப்பது வழக்கம். நனைந்த பருப்பு நீண்ட பயணத்தில் காறிப்போகும். சாப்பாட்டு எண்ணெய்க்கு ஆகாமல் சோப்புக் காய்ச்சவே போகும், விலையும் குறையும். இன்று சுற்றுலாக் கடைகளில் '72%' என்று முத்திரை குத்திய பச்சை சோப்புக் கட்டியை ஆலிவ் தோட்டப் படத்தோடு விற்கிறார்கள். அதில் நம் மல்லாட்டைக்கு ஒரு வரி நன்றி கூடக் கிடையாது.

இதே துறையில்தான் 1910 ஜூலை 8 அன்று, லண்டனிலிருந்து விசாரணைக்காக இந்தியா கொண்டுவரப்பட்ட சாவர்க்கர், மோரியா கப்பலின் வட்டச் சன்னல் வழியே கடலில் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவரே பிடித்து ஆங்கிலேயரிடம் திருப்பித் தந்தார். அந்நிய மண்ணில் பிடித்தது செல்லுமா என்று வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. கைமாற்றியதில் முறைகேடு உண்டு, ஆனாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சாவர்க்கர் குதித்த சமயம் பாரிசில் இருந்த வ.வே.சு. ஐயர் 1910 கடைசிக்குள் புதுச்சேரி போய்ச் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சு மண் என்ற அடைக்கலம் அங்கே அவருக்கு நிலைத்தது.

பழைய துறைமுகத்துக்குத் திரும்பி வந்தால் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. வடகரையில் ஏன் எல்லாமே 1950களின் கல் அடுக்குகள்? 1943 ஜனவரியில், ஜெர்மானியப் படையும் பிரெஞ்சுப் போலீசும் சேர்ந்து அந்தப் பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். 20,000க்கும் மேற்பட்டவர்கள் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. ஊரெங்கும் நடந்த அந்தத் தேடலில் பிடித்த யூதர்களில் நூற்றுக்கணக்கானவர்களைச் சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி 1 முதல் வெடிவைத்து, சுமார் 1,500 கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். குற்றவாளிகளின் கூடு என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அந்தச் சந்துகளைச் சுத்தமாக இடித்துவிட வேண்டும் என்ற நகரமைப்புத் திட்டங்கள் போருக்கு முன்பிருந்தே பிரெஞ்சு அதிகாரிகளின் மேசையில் கிடந்தன. வெடிமருந்தோடு வந்தவர்களுக்கு வரைபடத்துக்குப் பஞ்சமில்லை.

தப்பியவை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்: நகர மன்றம், வைர முகப்பு மாளிகை, 1535இல் கட்டிய காப்ர் வீடு. இந்தக் கடைசி வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். போருக்குப் பிறகு புதுத் தெரு நேர்க்கோடாக வந்தபோது அது குறுக்கே நின்றது. இடிக்க மனமில்லை. 1954இல் வீட்டை அப்படியே முழுசாகத் தூக்கி, தொண்ணூறு பாகை திருப்பி வைத்தார்கள். இப்போது தெருவுக்கு ஒழுங்காக முகம் காட்டி நிற்கிறது. நானூறு வருஷம் ஒரு பக்கம் பார்த்த வீடு.

மேலே, குன்றின் உச்சியில் நோத்ருதாம் தெ லா கார்து மாதா கோவில். ஊர் மக்கள் அவளைப் 'பொன் மேர்' என்பார்கள், நல்ல தாய். உச்சியில் பொன் முலாம் பூசிய மாதா. உள்ளே கூரையிலிருந்து குட்டிக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன, புயலில் பிழைத்தவர்களின் நேர்த்திக்கடன். வேளாங்கண்ணியில் வெள்ளிப் படகைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளிச்சுவரில் குண்டு பட்ட வடுக்கள். 1944 ஆகஸ்டில் இந்தக் குன்றை ஜெர்மானியரிடமிருந்து மீட்டதில் முன்னே நின்றவர்கள் அல்ஜீரிய ரைபிள் படையினர். பதினெட்டு வருஷம் கழித்து, அல்ஜீரியா சுதந்திரம் பெற்ற 1962இல், அங்கே தலைமுறையாக வாழ்ந்த ஐரோப்பியர்கள் பெட்டியும் கையுமாக லட்சக்கணக்கில் இதே கீழ்த்துறையில் வந்து இறங்கினார்கள்.

இன்றைய சரக்குத் துறைமுகம் ஊரில் இல்லை. எண்ணெய்க் கப்பலும் கன்டெய்னரும் மேற்கே 50 கிலோமீட்டர் தள்ளி ஃபோஸுக்குப் போய்விட்டன. ழொலியெத்தில் மிச்சம் இருப்பது உல்லாசக் கப்பல்களும், கோர்சிக்கா, துனிஸ், அல்ஜியர்ஸ் போகிற பயணிக் கப்பல்களும். கோடை விடுமுறை தொடங்கும்போது அந்த வரிசையைப் போய்ப் பார்க்கலாம். பிரான்சின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஊருக்குப் போகிற அல்ஜீரியக் குடும்பங்கள். கார் கூரைமேல் மெத்தை, அதன்மேல் சைக்கிள், அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றையும் நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கூரைமேல் கோபுரம் போல எழும்புவதால் இவற்றுக்குப் 'பேராலயக் கார்கள்' என்றே பெயர். கப்பலின் வாய்க்குள் நுழையும்போது ஒருவர் இறங்கி நின்று, உச்சி மேலே இடிக்கிறதா என்று கையைக் காட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே விடுகிறார்.